மணல் எளிது, திண்ணை யாருடையது?

"கருவிக்குச் சாதி இல்லை, நிறம் இல்லை. அது குலம் கோத்திரம் கேட்பதில்லை, கையூட்டு வாங்குவதில்லை. மனிதன் மயங்குவான், பொறி மயங்காது. ஆகவே பிள்ளைகளின் கல்வியைப் பொறியிடம் ஒப்படையுங்கள். அது அனைவரையும் ஒரே நிறையில் நிறுக்கும்!"

இப்படிப் பேசுவோர் தொகை இன்று பெருகி வருகிறது. பள்ளிக்குள் கணினி வந்தது, கைப்பேசி வந்தது, இப்போது செயற்கை நுண்ணறிவும் வாயிற்படியில் வந்து நிற்கிறது. வரட்டும், வரவேற்கிறோம். புதுமையைக் கண்டு பூதம் என்று அஞ்சி ஓடும் கூட்டமன்று நாம். ஆனால், பூதம் என்று அஞ்சாத நாம் அதைத் தெய்வம் என்று கும்பிடவும் வேண்டியதில்லை. கோயில் சிலையையே "உன்னைச் செதுக்கியவன் யார்? உன் கருவறைக்குள் யாரை விட்டாய், யாரைத் தடுத்தாய்?" என்று கேட்டுப் பழகியவர்கள், பள்ளியறைப் பொறியிடம் அதே கேள்வியைக் கேட்கக் கூசலாமா?

கேட்போம். ஊகத்தால் விடை காண வேண்டாம், வரலாற்றைப் புரட்டுவோம். அயல்நாட்டு வரலாறு மட்டுமன்று. கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டு மண்ணின் வரலாறும் இதற்குச் சான்று கூறக் காத்திருக்கிறது.

மணற்பரப்பு கடல் கடந்த கதை

நம் பாட்டன்மார் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். கரும்பலகை இல்லை, காகிதம் இல்லை, மேசை நாற்காலி இல்லை. தரையிலே மணலைப் பரப்புவார் ஆசிரியர். பிள்ளை ஆள்காட்டி விரலால் அதில் 'அ' எழுதும், வாயால் உரக்கச் சொல்லும், கையால் அழிக்கும், மீண்டும் எழுதும். விரல் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பலர். ஆகவே முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கும். அப்படிக் கற்றுக் கொடுத்து மேற்பார்க்கும் மாணவனுக்குச் 'சட்டாம்பிள்ளை' என்று பெயர்.

இந்த முறை மிகப் பழையது. 1623ஆம் ஆண்டிலேயே, இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வால்லே, தென்னகத்தின் மேற்குப் பகுதியில் சிறுவர்கள் தரையில் மணல் தூவி, இசையோடு சொல்லிக்கொண்டே எண்களை எழுதிப் பழகியதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழிந்தன. 1789இல் சென்னை எழும்பூரில் ஆங்கிலக் கம்பெனியார் ஓர் அனாதை விடுதியைத் தொடங்கினர். வெள்ளைப் படைவீரர்களின் மகன்களுக்கான விடுதி அது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் தாயார் இந்நாட்டுப் பெண்டிர். அதன் கண்காணிப்பாளராக அமர்ந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார். திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் கண்டார். தம் விடுதியிலும் அதையே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தனர்; ஆகாது என்றனர். பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். வெற்றி கிட்டியது! சட்டாம்பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டான்.

1796இல் பெல் தாயகம் திரும்பினார். 1797இல் இலண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர். இன்றும் அப்பெயர் நிலைக்கிறது. 1832இல் மறைந்த பெல், அரசர்களும் அறிஞர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மணல் பரப்பிய அந்தத் திண்ணை ஆசிரியரின் பெயர் என்ன? வரலாறு வாய் திறக்கவில்லை. கருவியைத் தந்தவன் பெயரற்றுப் போனான். கருவியை எடுத்துச் சென்றவன் கல்லறையில் பெயர் பொறித்துக்கொண்டான். இது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இதனினும் கசப்பானது. அந்த விடுதிப் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக வளர்ந்தனரே, அவர்கள் கதி என்ன? 1791இல் இலண்டனிலிருந்து கம்பெனியின் இயக்குநர்கள் ஆணை பிறப்பித்தனர்: இந்நாட்டுத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த மகன் எவனையும் கம்பெனியின் குடியியல், படை, கடற்படைப் பணிகளில் அமர்த்தலாகாது! உலகே வியந்த கல்வி முறையில் பயின்ற பிள்ளையின் முன்னே, தாயின் நிறம் சுவராக எழுந்து நின்றது. கற்பிக்கும் முறை எவ்வளவு உயர்ந்ததாயினும், கற்ற பின் திறக்க வேண்டிய கதவின் திறவுகோல் வேறொருவன் இடுப்பில் தொங்கியது.

இங்கிலாந்தின் ஏழைகளுக்கேனும் அந்த முறை முழு நன்மை செய்ததா? ஏழைப் பிள்ளைகளுக்கு மிகுந்த செலவில் கல்வி தர வேண்டியதில்லை. எழுத்தும் கணக்கும்கூடக் கற்பிக்க வேண்டுமென்பதில்லை என்று எழுதியவர் அதே ஆண்ட்ரூ பெல்தான். என்னே விந்தை! எழுதக் கற்பிப்பதற்காகவே திண்ணையில் பிறந்த முறை, எழுதக் கற்பிக்காமலே ஏழையை அடக்கமுள்ளவனாக்கும் முறையாகக் கடல் கடந்ததும் உருமாறியது. கருவி ஒன்றே, அதை ஏந்திய கையின் நோக்கம் வேறு.

சேரிப் பிள்ளை எந்தக் கட்டத்தில்?

"பார்த்தீர்களா, வெள்ளையன் செய்த சூழ்ச்சியை! நம் பழைய திண்ணைப் பள்ளியோ பொன்னுலகம்!" என்று சிலர் இந்த இடத்தில் துள்ளி எழுவர். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனைப் பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டின் கலெக்டரும் கணக்கு அனுப்பினார். 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்தெழுதிய குறிப்பின்படி, மாகாண மக்கள் தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, படித்த பிள்ளைகள் 1,88,650. வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால், படிக்கும் வயதுச் சிறுவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படித்தனர் என்பது அவர் மதிப்பீடு. அண்மைக் காலம் வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையைவிட இது மேலானது என்றே அவர் கருதினார்.

அந்தக் கணக்கில் பிள்ளைகளைப் பார்ப்பனர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முகமதியர் என்று கட்டம் கட்டிப் பிரித்திருந்தனர். தமிழ் மாவட்டங்களில் 'சூத்திரர்' என்ற கட்டத்திலேயே மிகுதியான பிள்ளைகள். அதைக் காட்டி, "அனைவரும் படித்தனர், சாதி தடுக்கவில்லை" என்று பேசுவோர் உண்டு. அந்தப் பெரிய கட்டத்துக்குள் நிலமும் வாணிபமும் உடைய சாதியார் பலர் அடக்கம் என்பதைச் சொல்ல மறந்துவிடுவர். சரி, பெண் பிள்ளைகள் எத்தனை? 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்! நூற்றுக்கு மூவர்கூட இல்லை. சேரியில் பிறந்த பிள்ளை? அதற்கென்று ஒரு தனிக் கட்டம்கூட வரையப்படவில்லை. எண்ணப்படாதவன் இல்லாதவன் ஆகிறான். கணக்கேடும் ஒரு கருவிதான். அதில் கட்டம் வரைந்தவன் கண்ணுக்குத் தெரிந்தவையே அதில் பதிந்தன.

தோழர்களே, இங்கேதான் நம் வாதத்தின் கரு இருக்கிறது. மணலைவிட மலிவான கருவி உலகில் உண்டா? கடலூர்க் கடற்கரையில் அள்ள அள்ளக் குறையாத மணல். கெடிலமும் பெண்ணையும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய மணல். யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் அந்த மணலைப் பரப்பிய திண்ணை, ஊருக்குள் ஒருவர் வீட்டுத் திண்ணை. அந்தத் தெருவுக்குள் சேரிப் பிள்ளையின் கால் படக்கூடாது. மணல் எளிது; திண்ணை எளிதன்று. கருவி விலையின்றிக் கிடைத்தாலும் கல்வி கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? "மலிவான கைப்பேசி கொடுத்துவிட்டோம், இனிச் சமத்துவம் தானே வந்துவிடும்" என்போர் இந்த மணலை ஒரு பிடி அள்ளிப் பார்க்கட்டும்.

அச்சும் பழைய அடுக்கும்

ஓலை போய் அச்சு வந்தது. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவிய சீகன்பால்குவின் முயற்சியால் 1717இல் கடலூரிலும் பிள்ளைகளுக்கு அறப்பள்ளி எழுந்தது. பின்னர் 1864இல், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியும், பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியும், தெளிந்த உரைநடையை வளர்த்தும் அவர் ஆற்றிய பணி பெரிது. அதை மறுப்பது நன்றி கொல்லுதல். ஆனால் சாதி ஒழுங்கைச் சைவ ஒழுக்கத்தின் பகுதியாகவே அவர் ஏற்றார் என்பதும் மறைக்க முடியாத உண்மை. ஆயிரம் படிகளை ஒரே நாளில் அடித்துத் தள்ளும் பொறி வந்தது. அதன் தட்டுக்குள் பழைய அடுக்கும் கோக்கப்பட்டு அச்சேறியது.

ஒடுக்கப்பட்டோர் கல்விக்கென அரசு தனி ஆணை பிறப்பித்தது 1893இல்தான். மன்றோவின் கணக்கெடுப்புக்கும் அந்த ஆணைக்கும் இடையே 71 ஆண்டுகள். எத்தனைத் தலைமுறைகள் மணலைத் தொட்டும் எழுத்தைத் தொடாமலே மறைந்தன!

சிதம்பரத்தில் ஒரு வாயில்

சிதம்பரம் என்றதும் நந்தன் கதை நினைவுக்கு வரும். ஆதனூர்ச் சேரியில் பிறந்தவன். தில்லையைக் காண ஏங்கியவன். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாள் கழித்தவன். முடிவில் கோயிலுக்குள் அவனை விட்டார்களா? விட்டார்கள், தீயில் இறக்கிய பிறகு! உள்ளே நுழைய வேண்டுமானால் உன் உடம்பை எரித்துவிட்டு வா என்பது நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வின் வினாத்தாளை எழுதியவர் யார், விடைத்தாளைத் திருத்தியவர் யார் என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை.

அதே சிதம்பரத்தில், 1916ஆம் ஆண்டு, நந்தன் பெயராலேயே ஒரு பள்ளி எழுந்தது. எழுப்பியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பகுதியில் 1890இல் ஆதிதிராவிடர் குடியில் பிறந்தவர், துறவு பூண்டவர். அவருடைய சமய நம்பிக்கையோடு நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். அவர் செய்த வேலையோ நம் தலை வணங்கத் தக்கது. சேரிப் பிள்ளைகளைத் திரட்டினார். நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தங்கிப் படிக்க வழி செய்தார். நந்தன் தீயில் இறங்கியதாக மக்கள் சொல்லும் ஓமக்குளம் பகுதியில் பள்ளி நின்றது. தீயில் இறங்க வேண்டியதில்லை, ஏட்டைக் கையில் எடுத்தால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமற் சொன்ன இடம் அது. சட்டமன்றத்திலும் இடம்பெற்று ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசிய அவர் 1959இல் மறைந்தார், பள்ளி மறையவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: சகஜானந்தர் புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதே அரிச்சுவடி, அதே பலகை, அதே பாடநூல். அவர் கண்டது ஒரு வாயில். ஊர்த் திண்ணை மறுத்த பிள்ளைக்கு அவனுடையதே ஆன ஒரு கூரை. அந்தக் கூரை கிடைத்ததும், நூற்றாண்டுகளாக "படிப்பு ஏறாது" என்று ஒதுக்கப்பட்ட தலைகளில் படிப்பு ஏறிற்று! அப்படியானால் குறை தலையிலா இருந்தது?

மூளையை அளந்த முழக்கோல்

குறை தலையில்தான் என்று நாட்டுவதற்கு 'அறிவியல்' என்ற பெயரிலேயே ஒரு கூட்டம் முயன்றது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் இடுக்கியும் கொண்டு தென்னாட்டு மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். மூக்கு அகலமாக அகலமாகச் சமூகத் தகுதி தாழும் என்று கோட்பாடு வகுத்த ரிஸ்லி, 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் ஆணையரானார். மூக்கின் அகலத்தில் அறிவைத் தேடிய அறிவாளிகள்!

பின்னர் மண்டையை விட்டு மூளைக்கு வந்தனர். பாடத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு உதவி தேவையா என்று கண்டறிய 1905இல் பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினே ஒரு தேர்வை அமைத்தார். நல்ல நோக்கம். அது அமெரிக்கா சென்றதும் உதவும் கோல் ஒதுக்கும் கோலாயிற்று. முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்களுக்கு 'அறிவுத் தேர்வு' நடந்தது. எழுத்தறியாதோருக்குப் படங்களைக் காட்டி, குறைந்துள்ள பகுதியை வரையச் சொன்னார்கள். என்ன படங்கள்? வலையில்லாத டென்னிஸ் ஆடுகளம்; குழலில்லாத இசைத்தட்டுப் பெட்டி! டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாத உழவனும், அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய ஏழையும் விழித்தனர். "அறிவு குறைந்தவர்" என்று முத்திரை விழுந்தது.

அந்தக் கணக்கை வைத்து, கார்ல் பிரிகம் என்ற உளநூல் பேராசிரியர் 1923இல் ஒரு நூல் எழுதினார்: வடஐரோப்பிய வெள்ளையரே அறிவில் உயர்ந்தோர், கறுப்பரும் பிறரும் தாழ்ந்தோர் என்று. 1926இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வை அமைக்கும் பொறுப்பும் அவரிடமே சென்றது. ஆனால் அதே படைத் தேர்வில், வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பர்கள் தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். காரணம் என்ன? வடக்கே பள்ளிக்கூடங்கள் மேலானவை. தோலை அளந்ததாக அவர்கள் நினைத்தனர். அளவுகோலோ பள்ளிக்கூடத்தைத்தான் அளந்திருந்தது. 1930இல் பிரிகம் தம் நூலின் முடிவுகள் அடிப்படையற்றவை என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். ஆசிரியர் கைவிட்ட முடிவை அவருடைய சீடர்கள் கைவிடவில்லை. பொய் தேரில் போகிறது. மறுப்பு நொண்டியபடி பின்னே நடக்கிறது.

திரைக்குள் பழைய திண்ணை

"அவை பழங்கதை, இன்றைய பொறி அப்படியன்று" என்பீர்களா? இன்றைய பொறி எப்படிக் கற்கிறது என்று பாருங்கள். அதற்கு ஆயிரமாயிரம் எடுத்துக்காட்டுகளைக் காட்டுகிறார்கள். அவற்றில் மிகுதியாக வருவதே இயல்பு என்று அது பழகிக்கொள்கிறது. காட்டியவை வெள்ளை முகங்களே என்றால் கறுத்த முகம் அதற்குப் புதிர். கேட்டவை ஒரு வகுப்பாரின் பேச்சே என்றால் மற்றவர் பேச்சு அதற்கு இரைச்சல்.

2018இல் அமெரிக்காவில், ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் பொறிகளைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களில் தவறு நூற்றுக்கு 0.8ஐத் தாண்டவில்லை, கருநிறப் பெண்களில் 34.7 வரை சென்றது. முகத்தை அடையாளம் காணும் இத்தகைய நுட்பமே இன்று வருகைப் பதிவேட்டிலும் வீட்டிலிருந்து எழுதும் தேர்வின் கண்காணிப்பிலும் நுழைகிறது. "முகம் தெரியவில்லை" என்று பொறி சொன்னால், தேர்வெழுத வந்த கருநிறப் பிள்ளை என் செய்யும்? விளக்கைத் தன் முகத்தில் பாய்ச்சிக்கொண்டு, "நான் இருக்கிறேன்" என்று மெய்ப்பிக்க வேண்டுமா? நந்தனுக்குத் தீ; இவனுக்கு விளக்கு!

பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெரிய நிறுவனப் பொறிகளை 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தனர். வெள்ளையர் பேச்சில் 100 சொற்களுக்கு 19 தவறுகள். கறுப்பர் பேச்சில் 35. இதைப் படித்தபோது நாம் வியக்கவில்லை. பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டு மதிப்பெண் இடும் கைப்பேசிச் செயலி ஒன்றை நாமும் வகுப்பில் கையாண்டு பார்த்தோம். கடலோரக் குப்பத்துச் சிறுமி பிழையின்றிப் படித்தாள். நாம் செவியால் கேட்டோம். செயலியோ மூன்று வரிக்கு ஒருமுறை "மீண்டும் படி" என்றது. நான்காம் முறை அவள் குரல் தாழ்ந்தது. அடுத்த நாள் படிக்கவே மறுத்தாள். பொறியின் பிழை பிள்ளையின் நாணமாக மாறும் விந்தையை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர்.

2023இல் மற்றோர் ஆய்வு வந்தது. "இந்தக் கட்டுரையை எழுதியவர் மாணவரா, பொறியா?" என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு மென்பொருள்களிடம், ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றோர் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தனர். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகளைப் பொறியின் எழுத்து என்று அவை குற்றஞ்சாட்டின. அமெரிக்கச் சிறுவர்களின் கட்டுரைகளையோ பெரும்பாலும் சரியாகவே கணித்தன. ஏன்? பிறமொழியில் எழுதுவோர் அறிந்த எளிய சொற்களையே ஆள்வர்; எளிதில் ஊகிக்கக் கூடிய சொல் வந்தால் பொறியின் வேலை என்பது அந்த மென்பொருளின் இலக்கணம். அயல்மொழியை அரும்பாடுபட்டுக் கற்ற குற்றத்துக்குத் திருடன் என்ற பட்டம்!

இங்கிலாந்திலும் ஏழைக்கு இதே கதிதான். கொரோனாக் காலமான 2020இல் தேர்வு நடக்கவில்லை. கணக்குமுறை ஒன்றை வகுத்து மதிப்பீடு வழங்கினர். பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியைப் பார்த்து இந்த ஆண்டு மாணவனின் தரத்தை அது முடிவு செய்தது. ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. மாணவர் குறைவாக உள்ள வகுப்புகளுக்கோ ஆசிரியர் சொல்லே ஏற்கப்பட்டது. அத்தகைய சிறு வகுப்புகள் தனியார் பள்ளிகளிலேயே மிகுதி. அண்ணன்மார் தேறாத பள்ளியில் தம்பி தேறக்கூடாது என்று கணக்கு தீர்ப்பளித்தது! ஊழ்வினை என்று முன்னோர் சொன்னதைப் புள்ளியியல் என்று இவர்கள் சொன்னார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஆகஸ்டு 17 அன்று அரசு அந்தக் கணக்கைக் கைவிட்டது. எழுந்து நின்று கேட்டார்கள், பொறி பின்வாங்கியது. இதை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலமே இறுதி

நம் வீட்டுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையான மொழிபெயர்ப்போடு வந்தன என்று வழக்கு எழுந்தது. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. இராமாயணம் படித்த பிள்ளையும் விலங்கியல் படித்த பிள்ளையும் ஒருங்கே திகைத்திருப்பர்! அந்த ஆண்டு சூலையில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழில் எழுதியோருக்கு 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பின் சரி தவற்றைச் சட்ட அறிஞர்கள் ஆராயட்டும். நம் கவனத்தை ஈர்ப்பது தேர்வு விதியின் ஒரு வரி: மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே இறுதியானது. அப்படியானால், தமிழில் எழுதலாம் என்று கதவைத் திறந்ததன் பொருள் என்ன? திண்ணையில் இடம் உண்டு. ஆனால் மணல் ஆங்கிலத்தில் பரப்பப்பட்டிருக்கிறது என்பதா?

கணினிக்குள்ளும் இந்த ஓரவஞ்சனை புகுந்துள்ளது. இன்று பெருவழக்கிலுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்; தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். 'மணல்' என்று எழுத 12 பைட் வேண்டும். அதே பொருளுடைய ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு போதும். எவரும் பகைமையால் செய்ததன்று. ஆங்கிலம் அறிந்தோர் முதலில் அமர்ந்து இடம்பிடித்தனர். மற்றவர்க்கு எஞ்சிய இடம் கிடைத்தது. பந்திக்கு முந்தியவன் இலை விரித்த கதை.

கருவியைத் திருத்திய கைகள்

இவ்வளவும் சொல்லிவிட்டு, பொறியை உடையுங்கள் என்று சொல்ல வருகிறோமா? இல்லை, இல்லவே இல்லை. கருவியைத் திருத்திக் கைக்கொண்ட வரலாறும் நமக்கு உண்டு.

அச்சுக்கும் தட்டச்சுக்கும் தமிழ் எழுத்து இடர் தருகிறது என்றதும், "தமிழை விட்டுவிடலாம்" என்று சொல்லவில்லை பெரியார். எழுத்தைச் சீர்செய்து 1935இல் தம் ஏட்டிலேயே அச்சிட்டுக் காட்டினார். 1978இல் தமிழ்நாட்டரசு அதை ஆணையாக்கியது. 1999இல் சென்னையில் கூடிய தமிழறிஞரும் கணிப்பொறியாளரும் தமிழுக்கென்று ஒரு விசைப்பலகை முறையைத் தரப்படுத்தினர்.

1929இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979 முதல் அஞ்சல்வழிக் கல்வியை நடத்திற்று. அஞ்சல் உறைக்குள் வந்த பாடம், வாங்கியவன் எந்தத் தெரு என்று முகம் சுளிக்கவில்லை. கல்லூரி வாயிலை மிதிக்க இயலாத பலர் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற்றனர். 2021 அக்டோபரில், கொரோனாவால் பள்ளி இழந்த பிள்ளைகளுக்காக 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்ட இடம், பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மரக்காணம் வட்டாரம். திரை எட்டாத பிள்ளையைத் தேடித் தன்னார்வலர் தெருவுக்கே சென்றனர். திண்ணை இந்த முறை சேரியிலும் விரிந்தது!

ஆகவே, இளைஞர்களே, ஆசிரியத் தோழர்களே! உங்கள் பள்ளிக்குப் புதுப் பொறி ஒன்று வரும்போது மாலையிட்டு வரவேற்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது யாருடைய முகத்தையும் யாருடைய பேச்சையும் பார்த்துப் பழகியது? குப்பத்துப் பிள்ளையிடமும் சேரிப் பிள்ளையிடமும் பழங்குடிப் பிள்ளையிடமும் சோதித்துப் பார்த்த கணக்கு எங்கே? அது தவறினால் முறையிட மனிதர் ஒருவர் உண்டா, அன்றிப் பொறியின் சொல்லே முடிந்த முடிபா? அது திரட்டும் பிள்ளைகளின் விவரம் யார் பெட்டகத்துக்குப் போகிறது? விடை கிடைக்கும்வரை கேளுங்கள். விடை தராத பொறியின் தீர்ப்பை, பிள்ளையின் நெற்றியில் எழுத இசையாதீர்கள்.

தலையெழுத்து என்று ஒன்று இல்லை எனச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பிரமன் எழுதினான் என்றபோது நம்ப மறுத்தோம். பொறி எழுதிற்று என்றால் மட்டும் நம்பிவிடுவோமா?